தரமற்ற கட்டுமானப் பணிக்கு ஒப்பந்ததாரரிடம் நிவாரணம் பெறுவது எப்படி: வீட்டு உரிமையாளருக்கான முழுமையான வழிகாட்டி

குடியேறிய சில மாதங்களிலேயே சுவரில் விரிசல் விடுகிறது, குளியலறைக்கு அடுத்த அறையில் ஓதம் ஏறுகிறது, டைல்ஸ் பெயர்கிறது, ஒப்பந்ததாரரோ தொலைபேசியை எடுப்பதில்லை. இந்த நிலையில் இருக்கும் வீட்டு உரிமையாளருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இத்தகைய தகராறுகளில் உரிமையாளர்களுக்குக் கோப்பு தயாரித்துத் தரும் வேலையில் நான் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்று உண்டு. நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் பலர் தோற்பதற்குக் காரணம், செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்வதுதான். சான்றைப் பதிவு செய்யும் முன்பே பழுது பார்த்துவிடுகிறார்கள். காரணத்தை அறியும் முன்பே குற்றம் சாட்டிவிடுகிறார்கள். வாய்ப்புக் கொடுக்கும் முன்பே ஒப்பந்ததாரரை வெளியேற்றிவிடுகிறார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை அவை இருக்கும் வரிசையிலேயே பின்பற்றுங்கள்.

1. முதலில் எதையும் தொடாதீர்கள்

குறை கண்ணில் பட்டவுடன் வேறொரு கொத்தனாரை அழைத்துச் சரிசெய்துவிட வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் விரிசலைப் பட்டி வைத்து மூடிவிட்டால், விரிசல் எவ்வளவு அகலம் இருந்தது, சுவரின் பூச்சில் மட்டும் இருந்ததா, செங்கல் வரை ஊடுருவியிருந்ததா என்பதை அதன்பின் யாராலும் சொல்ல முடியாது. மொட்டை மாடியில் நீர்க்கசிவுத் தடுப்பைப் புதிதாகப் போட்டுவிட்டு, பழைய வேலை சரியில்லை என்று நிரூபிக்க வரும் உரிமையாளரிடம் காட்டுவதற்கு எதுவுமே மிஞ்சியிருக்காது.

உயிருக்கு ஆபத்து இருந்தால் மட்டும் இதற்கு விலக்கு உண்டு. கூரைத் தளத்திலிருந்து கான்கிரீட் துண்டுகள் விழுந்தாலோ, மின்சுவிட்சுப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கினாலோ, முட்டுக் கொடுப்பதையும் மின் இணைப்பைத் துண்டிப்பதையும் உடனே செய்ய வேண்டும். அப்போதும் முதலில் படம் எடுங்கள். தேவைக்கு மேல் எதையும் அகற்றாதீர்கள். விழுந்த துண்டுகளைத் தேதி எழுதிய பையில் எடுத்து வையுங்கள்.

இந்த நாட்களில் ஒப்பந்ததாரரிடம் தொலைபேசியில் வாக்குவாதம் செய்வதையும் தவிர்த்துவிடுங்கள். கோபத்தில் "இனி என் வீட்டுப் பக்கம் வராதே" என்று நீங்கள் அனுப்பும் ஒரு குறுஞ்செய்தி, பழுது நீக்க நான் வரத் தயாராக இருந்தேன், உரிமையாளர்தான் அனுமதிக்கவில்லை என்று அவர் பின்னால் வாதிடுவதற்குப் போதுமான ஆதாரமாகிவிடும்.

2. தாள்களைத் திரட்டுங்கள்

குறை என்பது உங்கள் மனக்குறையால் தீர்மானிக்கப்படுவது இல்லை. ஒப்புக்கொண்டது என்ன, கட்டித் தரப்பட்டது என்ன என்ற இரண்டுக்கும் இடையில் உள்ள வேறுபாடே குறை. ஒப்புக்கொண்டது என்ன என்பதைக் காட்டும் தாள் இல்லாமல் அடுத்த படிகளில் இறங்கினால், ஒவ்வொரு குறையிலும் வாதம் முதலிலிருந்து தொடங்கும்.

திரட்ட வேண்டியவை: ஒப்பந்தம், விலைப்புள்ளி, வேலையின் தரக்குறிப்பு, அனுமதி பெற்ற வரைபடம், கட்டமைப்பு வரைபடம், ஒவ்வொரு தவணைக்குமான பில்லும் வங்கிப் பதிவும், கூடுதல் வேலைகளுக்கு நீங்கள் சம்மதித்த செய்திகள், சிமெண்டும் கம்பியும் வாங்கிய ரசீதுகள், வேலை நடந்தபோது எடுத்த படங்கள். இந்தக் கடைசி வகையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. கம்பி கட்டி முடித்த அன்று குடும்பத்தோடு தளத்தில் நின்று எடுத்த படத்தின் பின்னணியில் கம்பிகளின் இடைவெளி தெரியக்கூடும். கான்கிரீட் போட்ட பின் அந்தக் காட்சியை வேறு எந்த வழியிலும் எளிதாகப் பெற முடியாது.

எழுத்து ஒப்பந்தமே இல்லை என்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. சதுர அடிக்கு இன்ன தொகை என்று பேசிக்கொண்ட வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய பதிவு, "நாளை சென்டரிங் வேலை தொடங்கும்" போன்ற சாதாரணச் செய்திகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கினாலே ஒப்பந்தம் இருந்தது என்பது புலப்படும். தரக்குறிப்பு எழுதப்படாத இடங்களில், ஒரு திறமையான தொழிலாளி நியாயமான கவனத்தோடு செய்திருக்க வேண்டிய தரமும், உங்கள் நாட்டுக் கட்டுமான விதிகளும் அளவுகோலாகக் கொள்ளப்படும்.

உரையாடலை ஒவ்வொரு திரைப் படமாக எடுத்து வைத்தால் இடையில் எதையோ விட்டுவிட்டதாகக் குற்றச்சாட்டு எழும். செயலியில் உள்ள ஏற்றுமதி வசதியைப் பயன்படுத்தி முழு உரையாடலையும் சேமித்து, மூலம் இருக்கும் தொலைபேசியையும் அப்படியே பாதுகாத்து வையுங்கள். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் சான்றாக அளிக்கும்போது அதற்கான சான்றிதழையும் இணைக்கக் கோருகிறது.

இவற்றைக் கொண்டு ஒரே ஒரு காலவரிசைப் பட்டியல் எழுதுங்கள்: தேதி, நடந்தது, அதற்கான தாள். பிறகு உங்கள் பொறியாளரும் வழக்கறிஞரும் முதலில் கேட்பது இதைத்தான்.

3. குறைகளை எண்ணிட்டு அளந்து பதியுங்கள்

முழு வேலையிலும் அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இது. "வீடு முழுக்க விரிசல், வேலை படுமோசம்" என்ற வாக்கியத்தால் எவரையும் ஏற்கச் செய்ய முடியாது. ஒவ்வொரு குறைக்கும் ஓர் எண், ஓர் இடம், ஓர் அளவு, ஒரு தேதி வேண்டும். நான் பரிந்துரைக்கும் பதிவின் மாதிரி இது:

"குறை எண் 7. இடம்: முதல் தளம், தெற்குப் படுக்கையறை, மேற்குச் சுவர், சன்னலின் கீழ் இடது மூலை. காண்பது: மூலையிலிருந்து சாய்வாகக் கீழிறங்கும் விரிசல். நீளம் 640 மி.மீ., அதிகபட்ச அகலம் 0.8 மி.மீ. சுவரின் வெளிப்புறத்திலும் அதே இடத்தில் விரிசல் தெரிகிறது. படங்கள்: 7அ, 7ஆ, 7இ."

இதில் காரணமோ குற்றச்சாட்டோ இல்லை என்பதைக் கவனியுங்கள். கண்ணால் கண்டதும் கருவியால் அளந்ததும் மட்டுமே இருப்பதால், எதிர்த் தரப்பினர் வந்து பார்த்தாலும் இதை மறுக்க வழியில்லை.

படம் எடுப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் அறையின் வாசலில் நின்று சுவர் முழுவதும் தெரியும்படி ஒன்று. பிறகு குறையும் அதற்கு அருகில் உள்ள கதவோ சன்னலோ சேர்ந்து தெரியும்படி ஒன்று. கடைசியாக, குறையின் மீது அளவுகோலை ஒட்டவைத்து மிக அருகில் ஒன்று. அருகில் எடுத்த படம் மட்டும் இருந்தால் அது எந்த வீட்டுச் சுவர் என்ற கேள்வி எழும். மூலப் படங்களைத் தொலைபேசியிலிருந்து நேரடியாகக் கணினிக்கு மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, எடுத்த நாளும் நேரமும் அடங்கிய உள்தகவல் அழிந்துவிடும்.

விரிசலின் அகலத்தை அளக்க, வெவ்வேறு தடிமனில் கோடுகள் அச்சிட்ட ஒளிபுகும் அட்டை கிடைக்கிறது. அதை விரிசலின் மேல் வைத்து எந்தக் கோடு பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடு இட்டுத் தேதி எழுதி, மாதம் ஒருமுறை பாருங்கள். விரிசல் கோட்டைத் தாண்டி வளர்கிறதா, நின்றுவிட்டதா என்பதே பொறியாளருக்கு மிகவும் பயன்படும் செய்தி. வளராத விரிசலை அடைத்துவிடலாம். வளரும் விரிசலுக்குக் காரணம் கண்டுபிடிக்காமல் அடைப்பது வீண்.

சுவர் நேராக நிற்கிறதா என்பதைத் தூக்குக்குண்டு கொண்டு பாருங்கள். நூலுக்கும் சுவருக்கும் இடையில் உள்ள இடைவெளியை மேலேயும் கீழேயும் அளந்து, இரண்டின் வேறுபாட்டையும் அவற்றுக்கு இடையிலான உயரத்தையும் சேர்த்து எழுத வேண்டும். உயரத்தைக் குறிப்பிடாமல் "12 மி.மீ. சாய்வு" என்று எழுதினால் அதற்குப் பொருள் கிடையாது.

டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டிப் பார்த்தால், அடியில் கலவை நிரம்பாத இடத்தில் பொள்ளலான ஒலி கேட்கும். ஒவ்வொரு டைல்ஸின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் தட்டி, பொள்ளல் ஒலி வரும் பகுதியைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, தரை முழுவதும் தெரியும்படி மேலிருந்து ஒரு படம் எடுங்கள். அந்த ஒரு படம் பல பக்க விளக்கத்துக்குச் சமம்.

குளியலறையிலும் மாடியிலும் வாட்டம், அதாவது தண்ணீர் வடிகாலை நோக்கி ஓடுவதற்கான சரிவு, சரியாக இருக்கிறதா என்பதை ரசமட்டம் (மட்டம் பார்க்கும் கருவி) வைத்துப் பாருங்கள். மாடித் தளத்துக்கு 1:100 அளவிலான வாட்டம், அதாவது மீட்டருக்கு 10 மி.மீ. சரிவு, வழக்கமாகக் கொடுக்கப்படுகிறது. கசிவை உறுதிப்படுத்த வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிறுத்திப் பார்க்கும் சோதனையை நீங்களாகவே மாடியில் செய்ய வேண்டாம். 50 மி.மீ. ஆழத் தண்ணீர் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 50 கிலோ எடையைக் கூட்டும். தளத்தின் வலிமை குறித்தே சந்தேகம் இருக்கும் வீட்டில் அதைப் பொறியாளர் முன்னிலையில்தான் செய்ய வேண்டும்.

4. காரணம் யாருடையது என்று பிரித்துப் பாருங்கள்

எல்லா விரிசலும் மோசமான வேலையால் வருவதில்லை. இதை ஒப்புக்கொள்ளாத உரிமையாளர், பட்டியலில் உள்ள வலுவான குறைகளையும் சேர்த்தே நம்பகத்தன்மை இழக்கச் செய்துவிடுகிறார்.

பூச்சில் வலைப்பின்னல்போலப் பரவும் மெல்லிய விரிசல்கள், கலவை மிக விரைவில் உலர்ந்ததாலோ சிமெண்டு மிகுந்துவிட்டதாலோ வருபவை. பெரும்பாலும் தோற்றக் குறை. கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேராக மேலிருந்து கீழ் ஓடும் விரிசல், அந்த இணைப்பில் பூச்சுக்கு முன் கம்பிவலை வைக்காமல் விட்டிருப்பதைக் காட்டக்கூடும். கூரைத் தளத்துக்குச் சற்றுக் கீழே கிடையாக ஓடுவது, வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கி, ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் குறுகியும் இருப்பது அடித்தளம் ஒருபுறம் இறங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். தூணில் கம்பி ஓடும் கோட்டிலேயே நீளவாக்கில் பிளப்பது மிகவும் கவலைக்குரியது. துருப்பிடித்த கம்பி பருத்து, மேலுள்ள கான்கிரீட்டைப் பிளக்கிறது என்று அதற்குப் பொருள்.

அடுத்து, பொறுப்பு யாருடையது? பொருளோடு சேர்த்து ஒப்பந்தம் கொடுத்திருந்தால் பொருளின் தரத்துக்கும் ஒப்பந்ததாரரே பொறுப்பு. கூலி ஒப்பந்தம் மட்டும் என்றால், நீங்கள் வாங்கித் தந்த சிமெண்டும் மணலும் தரமற்றவை என்பதே அவருடைய முதல் எதிர்வாதமாக இருக்கும். வரைபடத்திலேயே தவறு இருந்தால் வரைந்தவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கான்கிரீட் போட்ட பின் தண்ணீர் விட்டு க்யூரிங் செய்யும் பொறுப்பை நீங்கள் ஏற்றிருந்தீர்களா என்பதையும் நேர்மையாகப் பாருங்கள். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாட்களும், கலப்பு சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாட்களும் ஈரம் காக்க வேண்டும் என்று கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 456:2000 கூறுகிறது. தண்ணீர் விடுவது வீட்டுக்காரர் பொறுப்பு என்று பேசியிருந்தால், அந்தக் குறையை முழுவதும் ஒப்பந்ததாரர் தலையில் வைக்க முடியாது.

5. சார்பற்ற பொறியாளரிடம் அறிக்கை பெறுங்கள்

உங்கள் பட்டியல் "என்ன இருக்கிறது" என்பதைச் சொல்கிறது. "ஏன் வந்தது, எப்படிச் சரிசெய்வது, என்ன செலவாகும்" என்ற மூன்றையும் சொல்லத் தகுதியுடையவர் வேண்டும். உறவினரான பொறியாளரும், பழுதுநீக்கும் வேலையைத் தானே எடுக்க விரும்புபவரும் இதற்கு ஏற்றவர்கள் அல்லர். எவ்வளவு நேர்மையாக எழுதினாலும், அறிக்கையின் முடிவில் அவர்களுக்கு ஆதாயம் இருப்பதாகவே எதிர்த் தரப்பு காட்டும்.

அவரிடம் கேட்க வேண்டியதை எழுத்தில் கொடுங்கள்: ஒவ்வொரு குறை எண்ணுக்கும் காரணம், அது ஒப்பந்தத்தின் அல்லது தர நிர்ணயத்தின் எந்த விதிக்கு முரண், பழுதுநீக்கும் முறை, மதிப்பீட்டுச் செலவு. "வேலை திருப்திகரமாக இல்லை" என்று பொதுவாக முடியும் அறிக்கைக்குப் பணம் கொடுப்பது வீண்.

சோதனைகளை எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்லும்படி அமைக்க வேண்டும். கம்பி எங்கே, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைச் சுவரை உடைக்காமலே கருவியால் அறியலாம். சுத்தி போன்ற கருவியைக் கான்கிரீட்டின் மேல் அழுத்தி, அது எவ்வளவு எதிர்த்துத் துள்ளுகிறது என்று பார்க்கும் ரீபவுண்ட் ஹேமர் சோதனையும் உடைக்காமல் செய்வதே. ஆனால் அது மேற்பரப்பின் கடினத்தைத்தான் காட்டுகிறது, அதிலிருந்து கணிக்கும் வலிமையில் 25 சதவீதம் வரை கூடுதல் குறைவு இருக்கலாம். பழைய கான்கிரீட்டின் மேற்பரப்பு காற்றிலுள்ள கரியமில வாயுவால் இறுகிவிடுவதால் அளவு கூடுதலாகவும் காட்டும். ஆகவே இந்தச் சோதனையை மட்டும் வைத்து "கான்கிரீட் வலிமை குறைவு" என்று வழக்காடக் கூடாது. எங்கே மேலும் சோதிப்பது என்று தீர்மானிக்க அது உதவும்.

வலிமையை உறுதியாக அறிய, கான்கிரீட்டிலிருந்து உருளை வடிவத் துண்டைக் குடைந்து எடுக்கும் கோர் சோதனை வேண்டும். ஐஎஸ் 456இன்படி குறைந்தது 3 கோர்கள் எடுக்க வேண்டும். அவற்றின் சராசரி வலிமை, அந்தத் தரக் கான்கிரீட்டுக்கு அந்த வயதில் உரிய வலிமையில் 85 சதவீதத்துக்குக் குறையாமலும், எந்த ஒரு கோரும் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் அந்தக் கான்கிரீட் ஏற்கத்தக்கது. இந்த வரம்பை முன்பே அறிந்திருப்பது நல்லது. எதிர்பார்த்த அளவுக்குச் சற்றுக் குறைந்த முடிவு கையில் வந்ததும் வென்றுவிட்டோம் என்று நினைத்து, பிறகு ஏமாறுகிறவர்கள் உண்டு.

சோதனை நடக்கும் நாளை ஒப்பந்ததாரருக்கு எழுத்தில் தெரிவித்து, வந்து பார்க்கும்படி அழையுங்கள். அவர் வந்தால் எடுத்த இடங்களைக் குறித்த தாளில் கையெழுத்து வாங்குங்கள். வராவிட்டாலும், அழைத்தும் வரவில்லை என்பது பதிவாகிவிடும். அழைக்காமல் எடுத்த கோரை, "அது என் தளத்தில் எடுத்ததே இல்லை" என்று ஒரே வாக்கியத்தில் அவர் மறுத்துவிட முடியும்.

6. மீதித் தொகையைப் பற்றி முடிவெடுங்கள்

கையில் இருக்கும் மீதித் தொகையே உங்கள் பலம். ஆயினும் அதை முழுவதும் முடக்குவது பல நேரங்களில் உங்களையே ஒப்பந்தத்தை மீறியவராக்கிவிடும். ஒப்பந்தத்தில் தொகையை நிறுத்திவைக்கும் விதி இருந்தால் அதில் சொன்ன அளவையும் காலத்தையும் பின்பற்றுங்கள். விதி இல்லாவிட்டால், பொறியாளர் மதிப்பிட்ட பழுதுநீக்கும் செலவுக்கு இணையான தொகையை மட்டும் நிறுத்தி, எந்தக் குறைகளுக்காக எவ்வளவு என்று கணக்கிட்டு எழுத்தில் தெரிவித்துவிட்டு, தகராறு இல்லாத வேலைக்கான தொகையைக் கொடுத்துவிடுவதே பாதுகாப்பானது.

கொடுக்கும்போது, குறைகள் மீதான உரிமையைக் கைவிடாமல் கொடுப்பதாகக் குறிப்பிடுங்கள். "முழுத் தொகையும் பெற்றேன், கணக்கு முடிந்தது" என்ற வாசகம் கொண்ட தாளை ஒப்பந்ததாரர் நீட்டினால், குறைகள் தீரும் வரை கையெழுத்திடக் கூடாது.

7. அறிவிப்புக் கடிதம் அனுப்புங்கள்

குறையைத் தெரிவித்து, சரிசெய்யக் காலமும் கொடுத்த பிறகே அடுத்த நடவடிக்கை என்பது பெரும்பாலான கட்டுமான ஒப்பந்தங்களின் அமைப்பு. வேலை முடிந்தபின் வரும் குறைபாட்டுப் பொறுப்புக் காலத்தில், திரும்ப வந்து சரிசெய்வது ஒப்பந்ததாரரின் கடமை. அவருக்கு அது ஓர் உரிமையும்கூட, ஏனெனில் தன் ஆட்களைக் கொண்டு அவர் குறைந்த செலவில் முடித்திருக்க முடியும். அந்த வாய்ப்பை மறுத்துவிட்டு வேறொருவருக்குக் கொடுத்த கூடுதல் செலவைக் கேட்டால், நீதிமன்றம் அதைக் குறைத்துவிடலாம்.

கடிதத்தில் ஒப்பந்தத்தின் தேதி, எண்ணிட்ட குறைப்பட்டியல், பொறியாளர் அறிக்கையின் நகல், பழுதுநீக்கும் திட்டத்தை எழுத்தில் தர வேண்டிய நாள், வேலையைத் தொடங்கி முடிக்க வேண்டிய நாட்கள், வீட்டைப் பார்வையிட உங்களுக்கு ஏற்ற நேரம் ஆகியவை இருக்க வேண்டும். முடிவாக இப்படி எழுதலாம்: "மேற்கண்ட காலத்துக்குள் குறைகளைச் சரிசெய்யத் தவறினால், வேறு ஒப்பந்ததாரரைக் கொண்டு சரிசெய்து, அதற்கான செலவையும் ஏற்பட்ட இழப்பையும் தங்களிடமிருந்து சட்டப்படி வசூலிக்க நேரும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

கடிதத்தில் வசவும் மிரட்டலும் வேண்டாம். காவல் துறையில் புகார் செய்வேன், சமூக ஊடகத்தில் பெயரைக் கெடுப்பேன் என்பவை உங்கள் வழக்குக்கு எந்த வலுவும் சேர்ப்பதில்லை. நாளை நீதிபதியின் மேசையில் இருக்கப் போவது இதே கடிதம்தான். ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு ஒப்புகை கிடைக்கும் பதிவு வசதியுடன் கூடிய தபாலிலும், மின்னஞ்சலிலும் சேர்த்து அனுப்புங்கள். உறை திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

8. அவர் சரிசெய்ய முன்வந்தால்

நல்ல செய்திதான். ஆனால் இங்கேயும் எழுத்து முக்கியம். எந்தக் குறைக்கு எந்த முறையில், எந்தப் பொருளைக் கொண்டு வேலை செய்யப் போகிறார் என்பதை முதலில் பெற்று, உங்கள் பொறியாளரிடம் காட்டுங்கள். கான்கிரீட்டில் ஜல்லிக்கு இடையே கலவை இறங்காமல் தேன்கூடுபோல இருக்கும் பொத்தல்களை வெறும் சிமெண்டுக் கலவையால் மெழுகிவிட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது. தளர்ந்த பகுதியைக் கெட்டியான கான்கிரீட் தெரியும் வரை செதுக்கி எடுத்து, ஏற்ற பொருளால் நிரப்பாவிட்டால் உள்ளே கம்பி துருப்பிடிப்பது நிற்காது.

மூடப்படும் ஒவ்வொரு கட்டத்திலும், மூடுவதற்கு முன் படம் எடுக்கும் உரிமையைக் கேட்டுப் பெறுங்கள். முடிந்ததும் குறை எண்வாரியாக "சரிசெய்யப்பட்டது", "பகுதியளவு", "சரிசெய்யப்படவில்லை" என்று குறித்து இருவரும் கையெழுத்திடுங்கள். கசிவு போன்றவை நின்றனவா என்பதை ஒரு மழைக்காலம் கடந்தே சொல்ல முடியும் என்பதால், அதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

9. அவர் வராவிட்டால்

கொடுத்த காலம் முடிந்த பிறகு, வேறு ஒப்பந்ததாரர்கள் மூவரிடம் எண்வாரியாக விலைப்புள்ளி வாங்குங்கள். மூவரும் ஒரே பொறியாளர் அறிக்கையை அடிப்படையாகக் கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. பழுதுநீக்கத்தோடு தரமான டைல்ஸ், புதிய அலமாரி போன்ற மேம்பாடுகளையும் ஒரே பில்லில் சேர்ப்பதைத் தவிருங்கள். எது இழப்பீடு, எது உங்கள் விருப்பம் என்று பிரிக்க முடியாத பில்லை முழுவதுமாகவே சந்தேகிப்பார்கள்.

வேலை தொடங்கும் தேதியைப் பழைய ஒப்பந்ததாரருக்குத் தெரிவித்து, கடைசியாக ஒருமுறை வந்து பார்க்க அழையுங்கள். உடைத்து எடுக்கும்போது வெளிப்படுபவற்றைப் பதிந்து, கம்பித் துண்டு, கலவைத் துண்டு போன்றவற்றில் மாதிரி எடுத்து, இடமும் தேதியும் எழுதி வையுங்கள்.

10. எவ்வளவு கேட்பது என்று கணக்கிடுங்கள்

பழுதுநீக்கும் செலவு, பொறியாளருக்கும் சோதனைக்கும் ஆன செலவு, அந்தக் காலத்தில் வேறு இடத்தில் தங்க நேர்ந்தால் அதற்கான வாடகை ஆகியவை தாள் காட்டிக் கேட்கத்தக்கவை. இடித்துக் கட்ட வேண்டும் என்று கேட்கலாமா என்ற கேள்விதான் கடினமானது.

இதற்கு இரண்டு தீர்ப்புகள் இரு எல்லைகளாக நிற்கின்றன. அந்நாட்டின் உச்ச மன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1954இல் தீர்த்த பெல்குரோவ் எதிர் எல்ட்ரிட்ஜ் வழக்கில், அடித்தளக் கான்கிரீட்டின் கலவையே ஒப்பந்தத்துக்கு மாறாக இருந்து வீடு நிலையற்றதாக இருந்ததால், இடித்துத் திரும்பக் கட்டும் செலவு உரிமையாளருக்குக் கிடைத்தது. அப்போது இறுதி மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1995இல் தீர்த்த ரக்ஸ்லி எதிர் ஃபோர்சைத் வழக்கில், 7 அடி 6 அங்குல ஆழம் இருக்க வேண்டிய நீச்சல் குளம் அதைவிடக் குறைவான ஆழத்தில் கட்டப்பட்டிருந்தது. ஆனாலும் அது பாதுகாப்பாகக் குதித்து நீந்தத்தக்கதாக இருந்ததால், 21,560 பவுண்டு செலவில் திரும்பக் கட்டுவது நியாயமற்றது எனக் கருதி, வசதிக் குறைவுக்கு விசாரணை நீதிமன்றம் தந்த 2,500 பவுண்டே உறுதி செய்யப்பட்டது.

ஆகவே வீட்டின் பாதுகாப்பும் பயன்பாடும் கெடும் குறைக்கு முழுச் செலவையும் கேளுங்கள். ஒப்புக்கொண்டதிலிருந்து மாறுபட்டாலும் வீட்டின் பயனைக் கெடுக்காத குறைக்கு, மதிப்பில் ஏற்பட்ட குறைவைக் கேட்பதே நிலைக்கும். எல்லாவற்றுக்கும் உச்சத் தொகையைக் கேட்கும் மனு, நியாயமான பகுதியையும் சேர்த்துப் பலவீனமாக்கிக்கொள்கிறது.

11. எங்கே முறையிடுவது என்று முடிவெடுங்கள்

ஒப்பந்தத்தில் சமரசம், நடுவர் தீர்ப்பு பற்றிய விதிகள் உண்டா என்று முதலில் பாருங்கள். பிறகு உங்கள் நாட்டில் எளிய முறையீட்டு மன்றம் எது, அதன் தொகை வரம்பும் காலவரம்பும் என்ன என்று பாருங்கள்.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித் தருவதையும் சேவையாகவே வரையறுக்கிறது. செலுத்திய தொகை 50 இலட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்திலும், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையத்திலும் முறையிடலாம்; நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம்; வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். வழக்குமூலம் (வழக்குத் தொடர உரிமை தரும் காரணம்) தோன்றியதிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். கட்டட மனை ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா) தரும் 5 ஆண்டுக் கட்டமைப்புப் பொறுப்பைச் சிலர் இங்கே நம்பிவிடுகிறார்கள். அது வீட்டைக் கட்டி விற்கும் நிறுவனங்களுக்கு உரியது. உங்கள் சொந்த மனையில் உங்களுக்காகக் கட்டிய ஒப்பந்ததாரருக்கு அது பொருந்தாது.

சிங்கப்பூரில் சிறு உரிமைக்கோரல் தீர்ப்பாயம் 20,000 டாலர் வரையிலான கோரிக்கைகளையும், இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 டாலர் வரையிலானவற்றையும் ஏற்கிறது. அங்கும் காலவரம்பு 2 ஆண்டுகளே.

எந்த நாட்டிலும் புதியவர்கள் அதிகம் தவறவிடுவது காலவரம்பைத்தான். "அடுத்த மாதம் ஆள் அனுப்புகிறேன்" என்ற வாக்குறுதிகளைக் கேட்டுக் காத்திருக்கும்போதும் அந்தக் காலம் ஓடிக்கொண்டே இருக்கும். பேச்சுவார்த்தை நடந்தது என்பதற்காக அது தானாக நின்றுவிடாது. ஆகவே கடைசி நாளைக் காலவரிசைப் பட்டியலின் தலையிலேயே எழுதி வைத்து, அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே மனுவைத் தயார் செய்துவிடுங்கள்.

12. சமரசத்தை எழுதுதல்

மனு கொடுத்த பிறகும் பல தகராறுகள் பேச்சில் முடிகின்றன. தொகை, தவணை, சரிசெய்ய வேண்டிய குறை எண்கள், முடிக்கும் நாள், தவறினால் என்ன என்ற ஐந்தும் சமரசத் தாளில் இருக்க வேண்டும். இப்போது கண்ணுக்குத் தெரியும் குறைகளுக்கு மட்டுமே இந்தச் சமரசம் என்றும், மறைந்திருந்து பின்னர் வெளிப்படும் கட்டமைப்புக் குறைகளுக்கு இது பொருந்தாது என்றும் ஒரு வரி சேர்க்கக் கேளுங்கள். ஒப்பந்ததாரர்கள் இந்த வரியைத்தான் அதிகம் எதிர்ப்பார்கள். விட்டுக்கொடுப்பதாக இருந்தால் அதற்கு ஈடாகத் தொகையைக் கூட்டிக் கேளுங்கள்.

வழக்கு நடந்துகொண்டிருந்தால், சமரசத்தை அந்த மன்றத்திலேயே பதிவு செய்து, அதன்படி ஆணை பெறுங்கள். அப்படிச் செய்தால் தவணை தவறும்போது புதிய வழக்குத் தொடராமல் ஆணையை நிறைவேற்றக் கோரலாம். காசோலை கைக்கு வந்த அன்றே மனுவைத் திரும்பப் பெறாதீர்கள். பணம் வங்கிக் கணக்கில் வரவான பிறகு அதைச் செய்யுங்கள்.